கோப்பில் எல்லாம் சரியாக இருந்தது: விண்டர்போர்ன் வியூ விவகாரம்

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தை ஒட்டி, சவுத் குளோஸ்டர்ஷயரில் ஹாம்புரூக் என்று ஓர் ஊர். 2006 டிசம்பரில் அங்கே விண்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனை திறக்கப்பட்டது. மொத்தம் 24 படுக்கைகள். அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பெரியவர்களை, அதாவது வயதுவந்தவர்களை, சேர்த்துக்கொண்டு, அவர்களுக்கு என்ன தேவை என்று மதிப்பிட்டு, சிகிச்சை கொடுத்து, வெளியே போய் வாழ்வதற்குத் தயார்செய்து அனுப்புவதுதான் அதன் வேலை. நடத்தியது காசில்பெக் என்ற நிறுவனம். ஒருவருக்கு வாரக் கட்டணம் சராசரியாக 3,500 பவுண்டு. ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 1,82,000 பவுண்டு வருகிறது. இந்தப் பணத்தைக் கொடுத்தது குடும்பங்கள் இல்லை, அரசின் தேசிய சுகாதார சேவை.

2011 மே 31 அன்று பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி அந்தக் கட்டடத்துக்குள் மறைகேமராவில் எடுத்த காட்சிகளை ஒளிபரப்பியது. ஜூன் 24-ஆம் தேதி மருத்துவமனை மூடப்பட்டது. இங்கிலாந்தில் இன்று பெரியவர்களுக்கான பராமரிப்பில் நடைமுறையில் இருக்கும் பாதுகாப்பு விதிகளில் பலவற்றின் வேரைத் தேடிப்போனால் இந்த 24 படுக்கைக் கட்டடத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

சட்டப்படி அது மருத்துவமனை. ஆனால் அங்கே இருந்தவர்கள் சராசரியாக 19 மாதம் இருந்தார்கள், சிலர் மூன்று வருடங்களுக்கும் மேல். ஒன்றரை வருடத்துக்கும் மேலாக ஒருவர் உண்டு உறங்கி எழும் இடத்தை வீடு என்றுதான் சொல்ல வேண்டும். பெயர்ப்பலகையில் மருத்துவமனை, உள்ளே குடியிருப்பு. இந்த இரட்டை நிலைமையால்தான் இது யாருடைய பொறுப்பு என்பதே குழம்பிப்போனது. சமூகப் பராமரிப்பு அதிகாரிகள் சுகாதாரத் துறை பார்த்துக்கொள்ளும் என்று இருந்தார்கள். பணம் கொடுத்த சுகாதாரத் துறையினரோ பலர் தொலைவில், வேறு வேறு வட்டாரங்களில் இருந்தார்கள்.

ஜோ கேசி என்ற செய்தியாளர் அங்கே துணைப் பணியாளராக வேலைக்குச் சேர்ந்து ஐந்து வாரம் படம் எடுத்தார். அறை, உதை, முடியைப் பிடித்து இழுத்தல், நாற்காலியின் கீழ் ஆளை அழுத்திப் பிடித்தல். ஓர் இளம்பெண்ணை உடுத்திய துணியோடு ஷவரின் கீழ் தள்ளி, நனைந்த உடம்போடு குளிரில் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். இதற்கு மேல் விவரிக்க வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறொன்று. இவை எதுவும் ஒளித்து மறைத்து நடக்கவில்லை. கூடத்தில், மற்றப் பணியாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தன. பொறுப்பில் இருந்த செவிலியர்களும் பக்கத்தில் இருந்தார்கள். சேர்ந்து சில வாரமே ஆன புதிய ஆள் முன்னால் இதைச் செய்ய யாருக்கும் தயக்கம் வரவில்லை என்றால், அது ஒருவருடைய கோபமோ ஒருநாள் தவறோ இல்லை. அந்த இடத்தின் வழக்கமே அதுவாகிவிட்டது.

சரி, வெளியே யாருக்குமே தெரியாதா? இந்த விவகாரத்தில் என்னை அதிகம் உறுத்துவது இந்தக் கேள்விதான். பதில்: எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும்.

சவுத் குளோஸ்டர்ஷயரின் பெரியவர் பாதுகாப்பு வாரியம் கேட்டுக்கொண்டதன்பேரில் மார்கரெட் ஃபிளின் விரிவான ஆய்வு ஒன்றை நடத்தினார். 2012 ஆகஸ்டில் அது வெளியானது. அதில் வரும் எண்களை ஒவ்வொரு அலுவலகமாக எடுத்துப் பார்க்கலாம். 2008 ஜனவரியிலிருந்து 2011 மே வரை விண்டர்போர்ன் வியூ பற்றி உள்ளூராட்சி மன்றத்துக்கு 40 பாதுகாப்பு எச்சரிக்கைகள் வந்திருக்கின்றன. ஏறக்குறைய மாதத்துக்கு ஒன்று. அவற்றில் 27, பணியாளர் நோயாளியைத் தாக்கியதாக வந்த புகார்கள். இதே காலத்தில் காவல்துறையின் பதிவேட்டில் சுமார் 30 சம்பவங்கள் ஏறியிருந்தன. பக்கத்து மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இந்த நோயாளிகள் 70 தடவைக்கு மேல் வந்து போயிருந்தார்கள்.

மன்ற ஊழியர் ஒவ்வொரு எச்சரிக்கையையும் தனி விஷயமாக எடுத்தார். என்ன நடந்தது என்று மருத்துவமனையையே விசாரிக்கச் சொல்லி, அவர்கள் எழுதிக் கொடுத்ததை வாங்கிக் கோப்பில் வைத்தார். போலீஸ்காரர் வந்த அன்றைக்கு நடந்த சம்பவத்தை மட்டும் பார்த்தார். அவசரப் பிரிவு மருத்துவர் வலிப்புக்கும் வெட்டுக்காயத்துக்கும் சிகிச்சை கொடுத்து அனுப்பினார். போன வாரம் இதே முகவரியிலிருந்து இன்னொருவர் வந்தாரே என்று கேட்க வேண்டிய வேலை அவருடையது இல்லை. யாருடையதும் இல்லை. 40, 30, 70 என்ற இந்த மூன்று எண்களும் முதல்முறையாக ஒரே பக்கத்தில் சேர்ந்தது, எல்லாம் முடிந்தபிறகு ஃபிளின் எழுதிய அறிக்கையில்தான்.

மருத்துவமனையின் சொந்தப் பதிவேடும் இருந்தது. நோயாளியை வலுக்கட்டாயமாகப் பிடித்து அடக்கினால் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. எழுதித்தான் வைத்தார்கள். 2010-இல் 379 தடவை. 2011-இன் முதல் மூன்று மாதத்தில் மட்டும் 129 தடவை. அதிகபட்சம் 24 பேர் இருக்கும் இடத்தில் நாளொன்றுக்கு ஒன்றுக்கும் மேல். தன் மகனை ஐந்து மாதத்தில் 45 தடவை பிடித்து அடக்கினார்கள் என்று ஒரு குடும்பம் சாட்சியம் சொன்னது. ஒரு குறிப்பிட்ட நாளில், இடைவெளி விட்டு விட்டு, நாள் முழுக்கவே அப்படி நடந்ததாம்.

இந்த 379 என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பதிவேடு வைப்பது பாதுகாப்புத் தரத்தின் ஒரு பகுதி. தணிக்கைக்கு வருபவர் பதிவேடு இருக்கிறதா, தேதி உண்டா, கையெழுத்து உண்டா என்று பார்த்தால் மூன்றும் இருக்கும். மதிப்பெண் கிடைத்துவிடும். இத்தனை தடவை ஏன் என்ற கேள்வி அந்தப் படிவத்தில் கிடையாது. பிடித்து அடக்குவது கடைசி வழியாக இருக்க வேண்டும், அதற்கு முன்னால் பேச்சு, இடமாற்றம், வேறு ஏதாவது வேலையில் ஈடுபடுத்துவது என்று எத்தனையோ படிகள் உண்டு என்பது இந்தத் துறையில் இருக்கும் எவருக்கும் தெரியும். விண்டர்போர்ன் வியூவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கிடைத்த பயிற்சியில் ஆளைப் பிடிப்பது எப்படி என்பதற்குத்தான் பெரிய இடம். பகல் பொழுதைக் கழிக்க நோயாளிகளுக்கு உருப்படியான வேலை ஏதும் இல்லை. பணியாளர்களுக்குப் பன்னிரண்டு மணிநேர ஷிப்ட். சலிப்பும் அலுப்பும் ஒரே அறையில் நாள் முழுக்க எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

அப்புறம் அந்த மின்னஞ்சல்.

டெரி பிரையன் அங்கே வேலை பார்த்த மூத்த செவிலியர். 2010 அக்டோபரில் தன் மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதினார்: பணியாளர்கள் நோயாளிகளை நடத்தும் விதம் சரியில்லை, வம்புக்கு இழுத்துக் கோபப்படுத்தி, அப்புறம் அதையே காரணம் காட்டிப் பிடித்து அடக்குகிறார்கள் என்ற பொருளில். மேலாளரிடமிருந்து அது நிறுவனத்துக்குப் போனது. நவம்பர் கடைசியில்தான் உள்ளூராட்சி மன்றத்தின் பாதுகாப்புப் பிரிவுக்கு வந்து சேர்ந்தது. மன்றம் அதை ஒழுங்குமுறை அமைப்பான கேர் குவாலிட்டி கமிஷனுக்கும் அனுப்பியது. பிரையன் தானும் கமிஷனைத் தொடர்புகொண்டார், ஒருமுறை அல்ல, மூன்று முறை. யாரும் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை.

மன்றம் விசாரிக்கிறது என்று கமிஷன் நினைத்தது. மருத்துவமனை நிர்வாகம் பார்த்துக்கொள்கிறது என்று மன்றம் நினைத்தது. நிர்வாகமோ அதை உள்ளூர்ப் பணியாளர் தகராறாகப் பார்த்தது. கூட்டம் போட்டுப் பேசுவதற்கே அடுத்த ஆண்டின் பிப்ரவரி ஆகிவிட்டது. அதற்குள் பிரையன் பொறுமை இழந்து பிபிசியிடம் போய்விட்டார். முறைகேட்டை வெளியே சொல்லும் ஊழியரைப் பாதுகாக்கும் சட்டம் இங்கிலாந்தில் 1998-லிருந்தே இருக்கிறது. அந்தச் சட்டம் வேலை போகாமல் காப்பாற்றலாம். எழுதிய கடிதத்தை யாராவது படித்தாக வேண்டும் என்று அதனால் சொல்ல முடியாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிரையன் அந்த மின்னஞ்சலை எழுதிய அதே அக்டோபரின் முதல் தேதியில்தான் பெரியவர் பராமரிப்பு நிலையங்களுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் புதிய தர விதிகள் நடைமுறைக்கு வந்திருந்தன. தரத்துக்கும் பாதுகாப்புக்குமான அத்தியாவசியத் தரங்கள் என்று பெயர். மொத்தம் 28, அதில் 16 முக்கியமானவை. மரியாதையோடு நடத்துவது, துன்புறுத்தலிலிருந்து காப்பது, தகுதியான பணியாளர், புகாருக்குப் பதில் என எல்லாமே அதில் இருந்தன. நாட்டில் தரவிதிப் பஞ்சம் இல்லை.

கமிஷனின் நிலைமையையும் சொல்ல வேண்டும். மூன்று பழைய அமைப்புகளை இணைத்து 2009 ஏப்ரலில் உண்டானது அது. புதிய சட்டத்தின்படி ஆயிரக்கணக்கான நிலையங்களைத் திரும்பப் பதிவுசெய்யும் வேலை அதன் தலையில் விழுந்தது. ஆய்வாளர்கள் மேசையில் உட்கார்ந்து விண்ணப்பங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் நேரடி ஆய்வுகள் பெரிதும் சரிந்தன. நிலையமே தன்னைப்பற்றி எழுதித் தருவதை வைத்து ஆபத்து எங்கே என்று கணிப்பதுதான் முறை. தன்னைப்பற்றி எழுத விண்டர்போர்ன் வியூவுக்கு நன்றாகவே தெரியும். காசில்பெக்கின் கொள்கைகளும் நடைமுறைகளும் நிர்வாக அமைப்பும் காகிதத்தில் பார்த்தால் பாராட்டும்படி இருந்தன என்று ஃபிளின்னே குறிப்பிடுகிறார். அங்கே பதிவுபெற்ற மேலாளர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். நீண்டகாலம் அப்படி ஒருவர் இல்லை. அதற்காக யாரும் நடவடிக்கை எடுக்கவும் இல்லை.

ஒளிபரப்புக்குப் பிறகு அதே கமிஷன் அதே கட்டடத்துக்குள் போனது. ஜூலையில் வந்த அறிக்கை, பத்து அத்தியாவசியத் தரங்களில் மருத்துவமனை தவறியிருக்கிறது என்றது. பத்தும் ஒரே ராத்திரியில் கெட்டுப்போயிருக்காது. அடுத்து நாடு முழுக்க இதேபோன்ற சுமார் 150 இடங்களைக் கமிஷன் ஆய்வு செய்தபோது, ஏறத்தாழ பாதி இடங்கள் நிர்ணயித்த தரத்தில் இல்லை என்று தெரிந்தது.

குடும்பங்கள் எங்கே போயின என்று கேட்கலாம். அவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள், பலர் வெகுதூரத்திலிருந்து. ஆனால் அவர்களை உட்காரவைத்தது பார்வையாளர் அறையில். மகனோ மகளோ தூங்கும் அறையைப் பார்க்க முடியாது, வார்டுக்குள் நுழைய முடியாது. குறிப்பிட்ட நேரத்தில் ஆளைக் குளிப்பாட்டி, உடைமாற்றி, கீழே கூட்டிவந்து காட்டுவார்கள். காயம் இருந்தால் அதற்கு ஒரு விளக்கமும் தயாராக இருக்கும். பிள்ளை ஏதாவது சொன்னால், அவர் அப்படித்தான் கதை சொல்வார் என்று பதில் வரும். பேச்சு தெளிவில்லாத ஒருவர் சொல்லும் புகாரை நம்புவதற்கு, அவர் படுக்கையையும் அலமாரியையும் பக்கத்து அறைக்காரர் முகத்தையும் ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டும். அந்த வாய்ப்பைத்தான் நிர்வாகம் முதலில் மூடியது.

28 தரங்களையும் ஒருபக்கம் வைத்துவிட்டு ஒரே ஒரு சோதனை சொல்லச் சொன்னால், நான் இதைத்தான் சொல்வேன்: சொல்லாமல் கொள்ளாமல் வந்த உறவினர் படுக்கையறை வரை போக முடிகிறதா? போக முடியாத இடத்தில் மற்ற எந்தத் தரத்தையும் யாரும் சரிபார்க்க முடியாது. நிர்வாகம் சொன்னதை நம்புவது ஒன்றுதான் மிச்சம்.

வழக்கு விரைவாகவே முடிந்தது. 11 பணியாளர்கள் ஐந்து நோயாளிகள் தொடர்பான 38 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார்கள். 2012 அக்டோபர் 26 அன்று பிரிஸ்டல் கிரௌன் நீதிமன்றம் தண்டனை விதித்தது. ஆறு பேருக்குச் சிறை, அதிகபட்சம் இரண்டு வருடம். ஐந்து பேருக்கு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. குற்றவாளிகளில் இருவர் பதிவுபெற்ற செவிலியர்கள். கொடுமை மேலும் கொடுமையை வளர்த்தது என்ற பொருளில் நீதிபதி நீல் ஃபோர்ட் பேசினார். நிறுவனத்தின் மீதோ இயக்குநர்கள் மீதோ குற்ற வழக்கு இல்லை. வாரம் 3,500 பவுண்டு வாங்கிக்கொண்டு அந்தப் பணத்துக்கு என்ன கொடுக்கிறோம் என்று பார்க்காதவர்கள் கூண்டில் ஏறவே இல்லை. குறைந்த சம்பளத்துக்கு வந்த பணியாளர்கள் செய்தது குற்றம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு மேலே இருந்தவர்களைப் பிடிக்க அப்போது சட்டத்தில் தோதான பிடி இருக்கவில்லை. காசில்பெக் 2013 மார்ச்சில் திவால் நிர்வாகத்துக்குப் போனது.

அந்தப் பிடியைச் சட்டத்தில் கொண்டுவரும் முயற்சி 2014, 2015-இல் நடந்தது. இதற்கு விண்டர்போர்ன் வியூ மட்டும் காரணமில்லை. நோயாளிகளைச் சரியாகக் கவனிக்காமல் பேர் கெட்ட மிட் ஸ்டாஃபர்ட்ஷயர் மருத்துவமனை பற்றிய பிரான்சிஸ் விசாரணை அறிக்கை 2013-இல் வந்திருந்தது. இரண்டும் சேர்ந்துதான் அரசை அசைத்தன.

2015 ஏப்ரல் 1 முதல் பழைய 28-க்குப் பதில் அடிப்படைத் தரங்கள் வந்தன. இதற்குக் கீழே போகவே கூடாது என்று சட்டம் போடும் கோடு. ஆளுக்கேற்ற பராமரிப்பு, மரியாதை, சம்மதம், பாதுகாப்பான சிகிச்சை, துன்புறுத்தலிலிருந்து காப்பு, உணவு, கட்டடம், புகார், நிர்வாகம், பணியாளர் எண்ணிக்கை, ஆள் தேர்வு, தவறு நடந்தால் மறைக்காமல் சொல்வது, தரமதிப்பீட்டை வருபவர் கண்ணில் படும்படி மாட்டுவது. பழைய முறையில் ஒரு விதியை மீறினால் முதலில் எச்சரிக்கை நோட்டீஸ் கொடுத்து அதன் பிறகே வழக்கு. இப்போது மோசமான தீங்கு நடந்தால் நேரடியாக வழக்குப் போடலாம். இயக்குநர்கள் அந்தப் பதவிக்குத் தகுதியானவர்களா என்று பார்க்கும் விதியும் வந்தது. வேண்டுமென்றே அலட்சியம் செய்யும் பராமரிப்புப் பணியாளர் மட்டுமல்லாமல் நிறுவனமும் குற்றவாளியாகலாம் என்று 2015-இல் சட்டம் வந்தது.

கமிஷனின் ஆய்வு முறையும் மாறியது. பாதுகாப்பானதா, பலன் தருகிறதா, அன்போடு நடத்துகிறார்களா, தேவைக்கேற்ப மாறுகிறதா, தலைமை சரியா என ஐந்து கேள்விகள். அதற்கு நான்கு படி மதிப்பீடு, மிகச் சிறப்பு என்பதிலிருந்து போதாது வரை.

2014-ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின் 42-ஆம் பிரிவுதான் இதில் முக்கியம் என்பது என் எண்ணம். பராமரிப்புத் தேவைப்படும் ஒருவர் துன்புறுத்தலுக்கு ஆளாகிறார், அல்லது ஆகக்கூடும், தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கிறார் என்று மன்றத்துக்குத் தோன்றினால், விசாரித்தே ஆக வேண்டும். விருப்பமில்லை, கடமை. மன்றம், காவல்துறை, சுகாதாரத் துறை மூன்றும் உட்காரும் பாதுகாப்பு வாரியமும் சட்டப்படி கட்டாயமானது. 40-ஐயும் 30-ஐயும் 70-ஐயும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும் ஏற்பாடு அதுதான். ஒரு ஓட்டை இன்னும் இருக்கிறது. மன்றம் தானே விசாரிக்கலாம், அல்லது வேறொருவரை விசாரிக்கச் செய்யலாம் என்கிறது சட்டம். அந்த வேறொருவர் புகாருக்கு ஆளான நிறுவனமாகவே இருக்கலாம். சின்ன விஷயங்களுக்கு அது சரிதான், எல்லாவற்றுக்கும் மன்ற ஊழியரே போக முடியாது. ஆனால் எது சின்ன விஷயம் என்று முடிவு செய்பவர், அதே முகவரியிலிருந்து வந்த முந்தைய 39 எச்சரிக்கைகளையும் பார்த்துவிட்டு முடிவு செய்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அரசு இன்னொரு வாக்குறுதியும் கொடுத்தது. 2012 டிசம்பரில், பராமரிப்பு அமைச்சர் நார்மன் லாம்ப் காலத்தில் வெளியான அறிக்கை, இப்படி மருத்துவமனைகளில் தேவையின்றி அடைபட்டிருப்பவர்களை 2014 ஜூனுக்குள் அவரவர் ஊருக்குப் பக்கத்தில் குடியமர்த்துவோம் என்றது. அப்போது இங்கிலாந்தில் இப்படிப்பட்ட மருத்துவமனைப் படுக்கைகளில் மொத்தம் சுமார் 3,400 பேர் இருந்தார்கள். ஜூன் வந்தது, போனது. புதிய திட்டம் 2015-இல், புதிய கெடு 2019, அப்புறம் 2024. இன்னும் சுமார் 2,000 பேர் உள்ளே இருக்கிறார்கள். மருத்துவமனைப் படுக்கைக்குச் சுகாதாரத் துறை பணம் கட்டுகிறது. அதே ஆள் வெளியே வந்தால் வீடும் உதவியாளரும் உள்ளூராட்சி மன்றத்தின் செலவு. வெளியே கொண்டுவந்தால் யாருடைய பட்ஜெட்டில் துண்டு விழும் என்பது தீராதவரை ஆள் உள்ளேயே இருப்பார்.

2019 மே மாதம் பனோரமா மறுபடியும் வந்தது. இந்தத் தடவை வடக்கே, டர்ஹாம் மாவட்டத்தில், வோர்ல்டன் ஹால். அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களுக்கான சிறிய மருத்துவமனை, ஊருக்கு ஒதுக்குப்புறம், மறைகேமரா, அதே மாதிரிக் காட்சிகள். பிற்பாடு நான்கு பணியாளர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. விண்டர்போர்ன் வியூவைவிட இது மோசம் என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. இடையில் வந்த எல்லாச் சீர்திருத்தமும் இங்கே நடைமுறையில் இருந்தது. அடிப்படைத் தரங்கள் இருந்தன. ஐந்து கேள்விகள் கேட்கப்பட்டன. ஒளிபரப்புக்கு முன் கமிஷன் அந்த இடத்துக்குக் கொடுத்திருந்த மதிப்பீடு: நன்று. 2015-இல் போன ஓர் ஆய்வாளர் குறைகளை எழுதியிருந்தார். அந்த அறிக்கை வெளியிடப்படவே இல்லை.

பேராசிரியர் கிளினிஸ் மர்ஃபி இதை ஆராய்ந்து 2020-இல் அறிக்கை கொடுத்தார். மூடிய கலாசாரம் என்று ஒன்றை அடையாளம் காண வேண்டும் என்பது அதன் மையம். தொலைவான கட்டடம், வெளியாட்கள் வராத வாசல், ஊரிலிருந்து வெகுதூரம் கொண்டுவரப்பட்ட நோயாளிகள், அடிக்கடி மாறும் மேலாளர், ஆளைப் பிடித்து அடக்குவதில் ஏறிக்கொண்டே போகும் எண்ணிக்கை. இவை ஒன்றாக இருந்தால் மதிப்பீடு என்னவாக இருந்தாலும் மணி அடிக்க வேண்டும். சாயங்காலம், ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும். மனநலப் பிரிவுகளில் ஆளைப் பிடித்து அடக்குவதைப் பதிவு செய்யவும் பயிற்சி கொடுக்கவும் கட்டாயப்படுத்தும் 2018-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் உண்டு. அதன் பெரும்பகுதி 2022-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

படுக்கையறை வாசல் சட்டத்துக்குள் வந்தது 2024 ஏப்ரல் 6 அன்று. அன்றிலிருந்து பராமரிப்பு இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் பார்வையாளர்களை அனுமதிப்பது அடிப்படைத் தரங்களில் ஒன்று. விதிவிலக்கான சூழ்நிலை இல்லாமல் தடுக்கக் கூடாது. இதைக் கொண்டுவர வைத்தது விண்டர்போர்ன் வியூ இல்லை, கொரோனா. 2020-இல் இல்லங்களின் கதவை மூடி, ஜன்னல் கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்க்கச் சொன்ன அனுபவம் லட்சக்கணக்கான நடுத்தரக் குடும்பங்களுக்குக் கிடைத்தது. விண்டர்போர்ன் வியூ குடும்பங்கள் பட்டது அப்போதுதான் ஊருக்கே புரிந்தது.

இதனால் ஆய்வாளரின் வேலை குறைந்துவிடாது. அங்கேதான் இப்போது சிக்கல். 2024-இல் கமிஷனைப் பற்றி அரசுக்காக பென்னி டாஷ் நடத்திய மறுஆய்வு, அது மதிப்பிட வேண்டிய இடங்களில் ஐந்தில் ஒன்றுக்கு இதுவரை மதிப்பீடே இல்லை என்று கண்டது. மதிப்பீடு உள்ள பலவும் வருடக்கணக்கில் பழையவை. சுகாதார அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீட்டிங், கமிஷன் அதன் வேலைக்கே லாயக்கில்லாமல் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். வாசலில் மாட்டியிருக்கும் 'நன்று' என்ற பலகையின் தேதியைப் பார்க்காமல் யாரும் தங்கள் வீட்டுப் பெரியவரை அங்கே விடக்கூடாது.

கடைசியாக, இன்று அப்படி ஒரு மின்னஞ்சலை யார் எழுதுவார்? 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களுக்கு பிரிட்டன் விசா திறந்தது. தமிழ்நாடு, கேரளம், இலங்கை, நைஜீரியா, ஜிம்பாப்வே என்று பல இடங்களிலிருந்து ஆட்கள் போனார்கள். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது, ஏற்கெனவே போனவர்கள் வேலையில் இருக்கிறார்கள். பல இடங்களில் இரவு ஷிப்டில் குளிப்பாட்டுவதும் பிடிப்பதும் மாத்திரை கொடுப்பதும் இவர்கள்தான். அவர்களுடைய விசா, வேலை கொடுத்த நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. அந்த வேலை போனால் வேறு நிறுவனம் தேட 60 நாள், கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும், விசாவுக்காக வாங்கிய கடனோடு. 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும். பெயர் சொல்லாமல் கமிஷனுக்கோ உள்ளூராட்சி மன்றத்தின் பெரியவர் பாதுகாப்புப் பிரிவுக்கோ புகார் கொடுக்கவும் வழி உண்டு. தெரிந்தவர் அங்கே வேலையில் இருந்தால் இந்த இரண்டு வழிகளையும் சொல்லி வையுங்கள். மேலாளரிடம் மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.